வேதி இயற்பியலில் ஆராய்ச்சி வாழ்க்கை: வாலிநோக்கத்துத் தங்கைக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் பக்கத்தில் ஒரு தங்கை பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறார். அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். கல்லூரிக்குப் பேச வந்த ஒருவர் தன்னை வேதி இயற்பியல் ஆராய்ச்சியாளர் என்று சொல்லிக்கொண்டாராம். அது என்ன துறை, அதில் இருப்பவர் ஆயுள் முழுக்க என்னதான் செய்வார், நம் கரையில் பிறந்த பிள்ளைக்கு அது எட்டுமா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்.

நான் கீழக்கரையில் வளர்ந்தவன். இந்தத் துறையில் பல காலமாக வேலை செய்கிறேன். எட்டுமா என்ற கேள்விக்கு எட்டும் என்பதே என் பதில். ஆனால் "எட்டும்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

துறை என்ன என்று முதலில் பார்ப்போம். அதற்கு உங்கள் அப்பா நிற்கும் பாத்தியே போதும். கடல்நீர் உள்ளே வரும்போது டிகிரி, அதாவது நீரில் உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்று காட்டும் போமே அளவு, பார்த்தால் 3 அல்லது 3.5 காட்டும். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க டிகிரி ஏறும். 13, 15 வாக்கில் ஜிப்சம் படியும். 25-ஐத் தொட்டால்தான் சோற்றுப்பு விழ ஆரம்பிக்கும். அதற்குள் முதலில் வந்த நீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். 29-ஐத் தாண்ட விட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறிவிடும் என்பதால் அந்த நீரை வெளியேற்றிவிடுவார்கள். இதெல்லாம் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இதற்கான வேதியியலையும் நீங்கள் கல்லூரியில் படித்திருப்பீர்கள்.

வேதி இயற்பியல்காரர் இதற்கு அடுத்த கேள்வியைக் கேட்பார். 25 டிகிரியில் நீர் தெவிட்டிவிட்டது, சரி. முதல் படிகம் எப்படிப் பிறந்தது? சில சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் தற்செயலாக ஒன்றுகூடினால் மறுகணமே கலைந்துவிடும். கூட்டம் சின்னதாக இருக்கும்போது உள்ளே இருப்பவற்றைவிட வெளிப்பரப்பில் இருப்பவை அதிகம். பரப்பில் இருப்பதற்கு ஆற்றல் செலவாகும். ஓர் அளவைத் தாண்டிய கூட்டம் மட்டும்தான் நிலைத்து வளரும். அந்த அளவு எத்தனை அயனிகள்? அதைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? தூசியும் பாத்தித் தரையும் அதை எந்த அளவுக்கு எளிதாக்குகின்றன? இவற்றுக்கு இயற்பியல் விதிகளிலிருந்து எண்ணோடு விடை சொல்ல முயல்வதுதான் எங்கள் தொழில்.

காற்று அடங்கிய ஒரு பிற்பகலில் பாத்தி ஓரம் குனிந்து மேற்பரப்பைப் பாருங்கள். மெல்லிய சதுரத் தட்டுகள் மிதக்கும். ஒன்றை நகத்தில் ஏந்தி எடுத்தால், நடுவில் குழிந்து, சதுரத்துக்குள் சதுரமாகப் படி இறங்குவது தெரியும். படிகத்தின் ஓரங்களுக்கு அயனிகள் எளிதாக வந்து சேர்கின்றன, முகத்தின் நடுப்பகுதிக்கு அவ்வளவாக வருவதில்லை. அதனால் ஓரம் முந்திக்கொண்டு வளர்கிறது. எடை கூடக்கூடத் தட்டு கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்கிறது, நீர்மட்டத்தைத் தொட்டிருக்கும் விளிம்பில் மட்டும் புதிய சதுரம் சேர்கிறது, கடைசியில் தலைகீழான பிரமிடு ஒன்று கிடைக்கிறது. அதுவரை அதை மிதக்க வைத்திருப்பது நீரின் பரப்பு இழுவிசை. வெப்ப இயக்கவியல், விரவல் (அயனிகள் நீருக்குள் பரவி நகர்வது), பரப்பு விசை மூன்றும் அந்த நகத்தளவுத் தட்டில் இருக்கின்றன.

1933-இல் அமெரிக்காவில் ஹெரால்டு யூரியை ஆசிரியராகக் கொண்டு 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் பிசிக்ஸ்' தொடங்கியது. வேதியியல் இதழ்கள் கணக்கு அதிகம் என்று தயங்கிய கட்டுரைகளுக்கும், இயற்பியல் இதழ்கள் மூலக்கூறு அதிகம் என்று தயங்கிய கட்டுரைகளுக்கும் அது வீடானது. அதன் முதல் ஆண்டிலேயே பெர்னாலும் ஃபௌலரும் நீரையும் அயனிக் கரைசலையும் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினார்கள். ஆக, உப்புத்தண்ணீர் இந்தத் துறைக்குள் பின்னாளில் வந்த விருந்தாளி இல்லை. தொடக்கத்திலிருந்தே அது உள்ளே இருக்கிறது.

இன்னும் அது தீரவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்க்கும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். 1964-இல் 864 ஆர்கான் அணுக்களை வைத்து ஒரு திரவத்தைக் கணினியில் உருவாக்கினார். 1971-இல் அவரும் ஸ்டில்லிங்கரும் 216 நீர் மூலக்கூறுகளை வைத்து அதையே நீருக்குச் செய்தார்கள். அந்த வழி வளர்ந்து இன்று லட்சக்கணக்கான அணுக்களைச் சாதாரணமாக ஓடவிடுகிறோம். ஆனால் ஒரு கிலோ நீரில் எவ்வளவு சோற்றுப்பு கரையும் என்ற எளிய கேள்விக்கு, பலரும் பயன்படுத்திய ஒரே கணினி மாதிரியை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015, 2016 வாக்கில்தான் வெவ்வேறு குழுக்களின் கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துவந்தது: கிலோவுக்கு ஏறக்குறைய 3.7 மோல். உண்மையில் கரைவது 6-க்குச் சற்று மேல்.

இதைக் கேட்டுவிட்டு, இவ்வளவு பெரிய கணினியால் உப்பைக்கூடச் சரியாகக் கரைக்க முடியவில்லையா என்று சலித்துக்கொள்ளாதீர்கள். விடை எங்கே பிசகுகிறது என்று தேடியதில்தான் நல்ல அறிவு கிடைத்தது. நிஜத்தில் ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் இருக்கும் எலெக்ட்ரான் மேகங்கள் கொஞ்சம் நகர்ந்து அதன் மின்விசையை மட்டுப்படுத்துகின்றன. எளிய மாதிரிகளில் அந்த நகர்வு இல்லை. அதனால் அயனிகள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி இழுக்கின்றன. அயனியின் மின்னூட்டத்தை 1 என்று வைக்காமல் 0.85 என்று குறைத்து வைத்துப் பார்த்த குழு ஒன்று கரைசலின் பல பண்புகளை முன்னைவிட நன்றாகப் பிடித்தது. எலெக்ட்ரானைப் பற்றிய ஒரு குவாண்டம் விஷயம் உங்கள் வீட்டு உப்பின் கரைதிறனில் வந்து நிற்கிறது. இந்தத் துறையில் மனசு ஒட்டிக்கொள்வது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

ஆய்வகத்தில் நாங்கள் செய்வதையும் சொல்லவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம்மூர் வீடுகளில் உப்பு ஜாடி கசிந்து நிற்கும் இல்லையா? தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால்தான் சரியாக வடியாத கல்லுப்பு சீக்கிரம் கசிகிறது. இதில் விசித்திரம் திரும்பி வரும் வழியில் இருக்கிறது. கரைந்த துளியை மறுபடி உலர்த்தினால் 75-இல் அது படிகமாகாது. துளி மிகச் சிறியதாக இருந்து, வேறு எதையும் தொடாமல் இருந்தால், 45 சதவீதம் வரை நீராகவே இருக்கும். பிறகு திடீரென்று கட்டியாகும். போகும் வழி வேறு, வரும் வழி வேறு. காரணம் முன்னே சொன்ன அதே முதல் படிகம் பிறக்கும் சிக்கல்தான்.

இதைப் பார்ப்பதற்கு, தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஓர் உப்புநீர்த் துளியை லேசர் ஒளியாலேயே அந்தரத்தில் பிடித்து வைப்போம். ஒளியால் பொருளைப் பிடிக்கும் அந்த உத்திக்காக ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018-இல் நோபல் கிடைத்தது. பச்சை ஒளியில் துளி ஒரு புள்ளியாக மின்னும். அது சிதறடிக்கும் ஒளியைப் பிரித்தால் நீருக்குரிய அகன்ற பட்டை ஒன்று வரும். அறையில் காற்றை உலர்த்த உலர்த்த அந்தப் பட்டை மெலியும், துளி சுருங்கும். 50-க்குக் கீழே போகும்போது எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நொடியில் ஒளி சிதறி நடுங்கும், நீர்ப்பட்டை காணாமல் போகும். உப்புப் படிகம் தன் பங்குக்குக் கோடு ஒன்றும் காட்டாது; அதன் அமைப்பின் சமச்சீர் அந்தக் கோட்டைத் தடுத்துவிடுகிறது. கடலில் அலை உடைந்து காற்றில் ஏறும் உப்புத் துகள் நீராக இருக்கிறதா கட்டியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது வெயிலைத் திருப்பியனுப்பும் அளவு மாறும். தட்பவெப்பக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த எண்கள் வேண்டும்.

அந்த ஒளிப்பட்டைக்கு அடிப்படை ராமன் விளைவு: மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருவது. அதன் கதையும் கடலில்தான் தொடங்குகிறது. 1921-இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது சி.வி. ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) வைத்து நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் நீலம் இருந்தது. வானத்தைப் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலம் என்ற பேச்சு அதோடு போயிற்று. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார் அவர். இன்று அதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறோம். நீர் மூலக்கூறில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் அதிரும் அதிர்வின் மேல்சுரங்கள் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் விழுங்குகின்றன. ஆழம் கூடினால் நீலம் மிஞ்சுகிறது. ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியம் இருக்கும் கனநீருக்கு அந்த நிறம் இல்லை, ஏனென்றால் அதன் அதிர்வு மெதுவானது, விழுங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாத பக்கம் நகர்ந்துவிடும். தனுஷ்கோடி போனால் ஆண் கடலையும் பெண் கடலையும் அருகருகே வைத்து இதை யோசித்துப் பாருங்கள். மன்னார் வளைகுடா பக்கம் தெளிந்த நீலமும் பாக் நீரிணைப் பக்கம் கலங்கலும் தெரியும் நாளில், மூலக்கூறு செய்யும் வேலையையும் சேறு செய்யும் வேலையையும் பிரித்துப் பார்க்கலாம்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி: ஆயுள் முழுக்க ஒருவர் என்ன செய்வார்? இதற்கு நான் எப்போதும் காட்டும் ஆள் கே.எஸ். கிருஷ்ணன். வெளிநாட்டுப் பெயர் எதையும் தேட வேண்டாம். 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். இன்று அது விருதுநகர் மாவட்டம். 1985-இல் பிரிக்கும் வரை நம்முடைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். படித்தது வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி. இயற்பியல் பட்டம் பெற்றவர் கிறித்தவக் கல்லூரியில் பார்த்த வேலை வேதியியல் செய்முறை ஆசிரியர். மதிய இடைவேளையில் இயற்பியல், கணிதம், வேதியியல் எதில் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவாராம். இரண்டு துறைகளுக்கு நடுவில் இருப்பது அவருக்குச் சின்ன வயதிலேயே இயல்பாக இருந்திருக்கிறது.

1920-களின் தொடக்கத்தில் கொல்கத்தாவுக்குப் போய் ராமனிடம் சேர்ந்தார். கவனமாகச் சுத்திகரித்த 65 திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று அளந்தார். ஒரு திரவத்தில் தூசி போகும் வரை மறுபடி மறுபடி வடித்தெடுப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று செய்தவருக்குத் தெரியும். அந்தப் பொறுமையின் பலன் 1928 பிப்ரவரியில் வந்தது. சூரிய ஒளியை நீல ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் அனுப்பி, எதிரே பச்சை வடிகட்டி வைத்துப் பார்த்தார்கள். உள்ளே போன நிறம் மட்டும் வெளியே வந்தால் எதிர்ப்பக்கம் இருட்டாக இருக்கவேண்டும். இருட்டாக இல்லை. பிப்ரவரி 28-ஆம் தேதியைத்தான் இன்று தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். 'நேச்சர்' இதழில் வந்த முதல் அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது.

பலரும் கிருஷ்ணன் கதையை இதோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவருடைய நல்ல காலம் இதற்குப் பிறகுதான் என்பேன். ஒளியைச் சிதறடிக்கும்போது மூலக்கூறு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதை 1927 வாக்கிலேயே ராமனோடு சேர்ந்து கணக்கிட்டிருந்தார். காந்தப்புலத்தில் திரவம் ஒளியைப் பிரிக்கும் விதத்தைக் கணக்கிட, மூலக்கூறின் காந்தப் பண்பும் திசைக்குத் திசை மாறுமா என்று தெரியவேண்டியிருந்தது. அந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு 1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

திரவத்தில் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் திரும்பிக் கிடக்கும். படிகத்தில் வரிசையாக நிற்கும். அதனால் படிகத்தில் அளந்தார். செய்த கருவி எளிமையானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சின்னப் படிகத்தைத் தொங்கவிட்டு, சீரான காந்தப்புலத்துக்குள் வைப்பார். இழையின் மேல்முனையை மெதுவாகத் திருகிக்கொண்டே போனால், படிகம் தனக்குப் பிடித்த திசையை விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஒரு கோணம் வந்ததும் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கோணத்திலிருந்து, இரண்டு திசைகளுக்கிடையே காந்தப் பண்பு எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிடலாம். பானர்ஜி, குஹா ஆகியோரோடு இந்த அளவீடுகளைச் செய்தார். துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையின் நாப்தலீன் இதற்கு நல்ல பொருள். அதில் இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டியிருக்கும். வளையத் தளத்துக்குச் செங்குத்தாகக் காந்த எதிர்ப்பு மிக அதிகம். எனவே படிகத்தின் காந்த அளவீட்டைப் பார்த்தே உள்ளே மூலக்கூறு எந்தச் சாய்வில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். எக்ஸ்கதிர்ப் படிகவியலில் பெயர்பெற்ற கேத்லீன் லான்ஸ்டேலோடு சேர்ந்து 1936-இல் இதை எழுதினார்.

1933-இல் மறுபடி கொல்கத்தா. இரண்டு வளையத்திலும் மூன்று வளையத்திலும் இப்படி நடந்தால், வளையங்கள் முடிவில்லாமல் ஒட்டிக்கொண்டே போனால்? அதுதான் பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட். கங்குலியோடு சேர்ந்து கிராஃபைட்டின் காந்தப் பண்பை ஆராய்ந்து, அதன் அடுக்குகளில் எலெக்ட்ரான்கள் கட்டற்று உலவும் விதத்தைச் சொன்னார். அங்கிருந்து உலோகங்களின் எலெக்ட்ரான்களுக்கு வந்தார். 1942-இல் அலகாபாத் போனபோது அதுவே முதன்மை வேலை. 1947-இல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். நிர்வாகச் சுமைக்கு நடுவிலும் சூடான பொருள்களிலிருந்து எலெக்ட்ரான் வெளியேறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1958-இல் பட்நாகர் பரிசு தொடங்கியபோது அதை முதலில் பெற்றவரும் அவரே. 1961-இல் மறைந்தார்.

ஒளி, திரவம், காந்தம், பாச்சை உருண்டை, பென்சில், சூடான உலோகம். வெளியிலிருந்து பார்த்தால் கண்டபடி தாவியது போலத் தெரியும். ஒவ்வொரு கேள்வியும் அடுத்த கேள்வியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்பது உள்ளே போய்ப் பார்த்தால் விளங்கும். ஆராய்ச்சி வாழ்க்கையைப் பட்டம், பதவி, விருது என்று வரிசையாக அடுக்கிச் சொல்லும்போது இந்த இழை காணாமல் போகிறது. நீங்கள் யாருடைய வாழ்க்கையைப் படித்தாலும் அவர் கையில் இருந்த கேள்வி எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று பாருங்கள். உங்களுக்கும் நாளைக்கு அதுதான் உதவும்.

காத்திருப்பும் இந்த வாழ்க்கையில் உண்டு. கனடாவில் 1923-இல் பிறந்த ரூடால்ஃப் மார்க்கஸ் செய்முறை ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிறகுதான் கோட்பாட்டுப் பக்கம் வந்தார். ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு எலெக்ட்ரான் தாவும் வேகத்துக்கு 1956-இலிருந்து கோட்பாடு எழுதத் தொடங்கினார். வினை நடப்பதற்கான உந்துதல் கூடக்கூட வேகம் கூடும், ஓர் அளவுக்கு மேல் போனால் வேகம் குறைய ஆரம்பிக்கும் என்று அதிலிருந்து வந்தது. யாருக்கும் எளிதில் நம்பமுடியாத முடிவு. 1984-இல்தான் தெளிவான சோதனைச் சான்று கிடைத்தது. 1992-இல் நோபல். பாம்பனில் இரும்பு துருப்பிடிப்பதும் அடிப்படையில் எலெக்ட்ரான் இடம் மாறுவதுதான். அரிப்பு கடுமையாக இருக்கும் கரை என்பதால்தான் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் முகாமில் உலோக அரிப்பைச் சோதிக்கும் இடம் வைத்திருக்கிறது.

காரைக்குடி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த ஆய்வகம் அது. உப்புக்கென்றே 1954-இல் குஜராத்தின் பாவ்நகரில் தொடங்கிய மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையத்துக்கும் மண்டபத்தில் கடற்பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. ஆராய்ச்சி என்பது எங்கேயோ இருப்பது என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேருந்து ஏறினால் இறங்கும் தூரத்தில் இருக்கிறது. துறைத் தலைவர் கடிதத்தோடு கோடைக்காலத் திட்டப்பணி கேட்டுப் பாருங்கள்.

சரி, வழிக்கு வருவோம். இறுதியாண்டில் இருக்கிறீர்கள் என்பதால் முதல் வாசல் ஜாம் தேர்வு. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரவும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம்.எஸ்சி.யும் முனைவர் படிப்பும் சேர்ந்த ஒருங்கிணைந்த படிப்புக்கும் இதுவே வழி. ஒருங்கிணைந்த படிப்பை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முதலிலேயே உதவித்தொகை வரும், வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க வேண்டாம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் தனியாகத் தேர்வு வைக்கிறது; அதன் ஹைதராபாத் வளாகத்தில் நம் துறை நன்றாக இருக்கிறது. மதுரையிலோ காரைக்குடியிலோ எம்.எஸ்சி. படித்துவிட்டு நெட், கேட் ஆகிய தேசியத் தகுதித் தேர்வுகளை எழுதி மேலே போனவர்களும் நிறையப் பேர். அங்கிருந்து தொடங்குவதில் ஒரு குறைவும் இல்லை.

நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் இப்போது மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000, அதோடு விடுதியோ வீட்டு வாடகைப்படியோ. முனைவர் பட்டம் முடிய ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். அதன்பின் இரண்டிலிருந்து நான்கு ஆண்டு வேறோர் ஆய்வகத்தில், பெரும்பாலும் வெளிநாட்டில், முதுமுனைவர் பணி. நிரந்தர வேலை கிடைக்கும்போது வயது 32, 35 ஆகியிருக்கும். இதை மறைத்து உங்களை இந்தப் பக்கம் இழுக்க எனக்கு மனமில்லை. கல்யாணப் பேச்சு வரும், தம்பி தங்கை படிப்புச் செலவு வரும். உதவித்தொகையில் ஒரு பங்கு வீட்டுக்கு அனுப்பியே முடித்த பெண்களை எனக்குத் தெரியும். அப்பாவிடமும் அம்மாவிடமும் இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே திறந்து சொல்லிவிடுங்கள். மாதச் சம்பளம் போல ஒரு தொகை வரும் என்று தெரிந்தால் வீட்டில் பாதிப் பயம் போய்விடும்.

எல்லாரும் பேராசிரியர் ஆவதில்லை, ஆகவேண்டியதும் இல்லை. மின்கலம், வண்ணப்பூச்சு, மருந்து, குறைகடத்தி ஆகிய தொழில்களில் மூலக்கூறைக் கணக்கிடவும் அளக்கவும் தெரிந்தவர்களுக்கு இடம் இருக்கிறது. அரசு ஆய்வகங்களில் விஞ்ஞானி பணி இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் வேலையையும் குறைவாக எண்ணாதீர்கள். கிருஷ்ணனே அந்த மதிய வகுப்பில்தான் ஆரம்பித்தார்.

படிப்பில் எதை வலுப்படுத்துவது? கணிதம். இதை அழுத்திச் சொல்கிறேன். நம் கல்லூரிகளில் வேதியியல் மாணவர்கள் துணைப்பாடக் கணிதத்தைத் தேர்ச்சி மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வேதி இயற்பியலில் முதல் ஆண்டிலேயே அணிகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் நிகழ்தகவும் எதிரே வந்து நிற்கும். என்.பி.டி.இ.எல். தளத்தில் குவாண்டம் வேதியியல், புள்ளியியல் வெப்ப இயக்கவியல் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கணக்கைத் தாளில் போட்டு முடியுங்கள். காணொளி பார்த்ததோடு நின்றால் ஒன்றும் ஒட்டாது. அப்புறம் பைத்தான் கொஞ்சம். குரோமாக்ஸ், லாம்ப்ஸ் மாதிரி மூலக்கூறு இயக்க மென்பொருள்கள் விலையில்லாமல் கிடைக்கின்றன; கல்லூரிக் கணினியிலேயே ஒரு சின்னப் பெட்டி உப்புநீரை ஓடவிட முடியும். ஆங்கிலம் தடுமாறும் என்று பயப்படுகிறீர்கள் என்றால், அது முதல் ஆண்டுத் தடுமாற்றம்தான். கணிதத் தடுமாற்றம் அப்படிச் சீக்கிரம் போகாது.

செய்முறையா கோட்பாடா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கையால் பொருத்திச் சரிசெய்வதில் உங்களுக்குச் சந்தோஷம் வருமானால் செய்முறை. ஒளிக்கற்றையைக் கண்ணாடிகள் வழியே நேராகக் கொண்டுவருவதற்கே ஒரு நாள் முழுதும் போகும்; வெற்றிடப் பம்பு கசியும்; கிடைத்த சமிக்ஞை இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும். தாளில் ஒரு சமன்பாட்டோடு மணிக்கணக்கில் உட்காரப் பிடிக்குமானால் கோட்பாடு. இரண்டையும் கொஞ்சம் தொட்டுப் பார்த்த பிறகு தேர்ந்தெடுப்பது நல்லது. மார்க்கஸ் முனைவர் பட்டத்துக்குப் பிறகுதானே மாறினார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நெறியாளர் தேர்வு. பெரிய நிறுவனத்தில் பெயர்பெற்றவர் என்பதற்காக மட்டும் யாரிடமும் சேராதீர்கள். அவருடைய பழைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், மாணவர் பெயரை முதலில் போட்டுக் கட்டுரை வருகிறதா, ஆய்வகத்தில் இப்போது இருக்கும் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள். சேர்வதற்கு முன்னால் மாணவர்களோடு தனியாகப் பேச வாய்ப்புக் கேட்டால் நல்ல நெறியாளர் யாரும் தவறாக நினைக்கமாட்டார். தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

இந்த ஆண்டே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மாணவர்களுக்குக் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் உதவித்தொகையோடு வேலை செய்யலாம். விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பரில் முடிந்துவிடும். அதில், என்ன செய்ய விரும்புகிறாய் என்று கேட்டு எழுதச் சொல்வார்கள். பலரும் அங்கே அறிவியல் மேல் ஆர்வம் உண்டு என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். நீங்கள் வாலிநோக்கத்துப் பாத்தியில் பார்த்ததை எழுதுங்கள். எந்த டிகிரியில் மிதக்கும் தட்டு வருகிறது, காற்று வீசும் நாளில் ஏன் வருவதில்லை, மக்னீசியம் ஏறிய நீரில் படிகத்தின் வடிவம் மாறுகிறதா. அப்பாவிடமும் கூட வேலை செய்கிறவர்களிடமும் கேட்டு, முடிந்தால் கைபேசியில் படம் எடுத்து, தேதியும் டிகிரியும் குறித்து வையுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.